குறைந்த செலவில் ராக் கிராலர்: வண்டியைத் தேர்ந்தெடுப்பது முதல் பாறையில் ஏற்றுவது வரை

சில மாதங்களுக்கு முன் ஒருவர், ரிமோட்டில் ஓட்டும் சிறு மாதிரி வண்டியான தம் முதல் கிராலரைப் பாறைப் பக்கம் கொண்டுவந்தார். கூரையில் எட்டு விளக்குகளும் முன்னால் உலோக பம்பரும் உள்ளே விலையுயர்ந்த பிரஷ்லெஸ் மோட்டாரும் இருந்தன. ஆனால் ஒரு சாண் உயரக் கல்லின் இடுக்கில் முன்சக்கரம் சிக்கியதும் வண்டியைத் திருப்ப முடியவில்லை. மிச்சப்படுத்துவதாக எண்ணி, சக்கரத்தைத் திருப்பும் சிறு மோட்டாரான சர்வோவைக் கிடைத்ததிலேயே மலிவாகப் போட்டிருந்தார்.

கிராலர் என்பது நடை வேகத்துக்கும் குறைவாக ஊர்ந்து பாறை ஏறும் வண்டி. வேகத்துக்காகவும் தோற்றத்துக்காகவும் செலவிடும் பணம் அதற்கு உதவுவதில்லை. கல்லைப் பற்றும் டயர், சக்கரத்தைத் திருப்பும் சர்வோ, மோட்டாரை மெதுவாகச் சுழலவிடும் மின்கட்டுப்பாடு ஆகிய மூன்றுக்கும் பணம் முதலில் போக வேண்டும். கீழே உள்ள வரிசை அதை ஒட்டியே அமைந்தது. பலர் கட்டியதைப் பார்த்ததில், வரிசை மாறிய இடத்தில்தான் செலவு இரட்டித்தது.

1. ஓட்டப்போகும் இடத்தைப் பார்த்து அளவை முடிவு செய்யுங்கள்

கிராலர்கள் பெரும்பாலும், அசல் வண்டியோடு ஒப்பிட்டு, 1/10, 1/18, 1/24 ஆகிய அளவுகளில் விற்கப்படுகின்றன. பரவலாகக் கிடைக்கும் 1/10 சேஸிஸ்களில் (அடிச்சட்டம்) முன் ஆக்சிலுக்கும் (சக்கர அச்சு) பின் ஆக்சிலுக்கும் இடையே 313 மி.மீ. இருக்கும். அதை ஓட்ட உண்மையான பாறை வேண்டும். வீட்டு முற்றத்தில் அதற்கு வேலையில்லை. 1/24 வண்டிக்கோ நான்கு செங்கல்லும் ஒரு சட்டி சரளைக்கல்லும் போதும். மொட்டைமாடியிலேயே மணிக்கணக்கில் ஓட்டலாம்.

அளவு சிறியதானால் பேட்டரி, சர்வோ, டயர் என எல்லாமே சிறுத்து விலையும் குறையும். ஆனால் சிறிய வண்டியின் உதிரிப்பாகங்கள் அந்தந்த வண்டிக்கே உரியவை. 1/10 அளவில் 540 மோட்டார், வழக்கமான அளவு சர்வோ, 12 மி.மீ. அறுகோணச் சக்கரப் பிடிமானம், 3 மி.மீ. திருகு எனப் பெரும்பாலான பாகங்கள் பொது அளவில் இருப்பதால், ஒரு நிறுவனத்தின் வண்டிக்கு இன்னொரு நிறுவனத்தின் பாகம் பொருந்தும்; பழைய பாகங்களும் எளிதில் கிடைக்கும்.

அடுக்குமாடியில் வசிப்பவர், ஓட்டுவதில் மட்டும் ஆர்வம் கொண்டவர் என்றால் ஆக்சியல் எஸ்சிஎக்ஸ்24, டிராக்சஸ் டிஆர்எக்ஸ்-4எம் போன்ற சிறிய தயார் வண்டிகளில் ஒன்றை வாங்கி, இந்த வழிகாட்டியின் 9, 10 ஆம் பகுதிகளை மட்டும் படித்தால் போதும். அருகில் கற்குன்றோ வறண்ட ஓடைப்படுகையோ இருந்து, கட்டுவதிலும் ஆர்வம் இருந்தால் 1/10 சரியானது. மற்ற பகுதிகள் அதைப் பற்றியவை.

டபிள்யூபிஎல் நிறுவனத்தின் 1/16 வண்டிகளும் எம்என் நிறுவனத்தின் 1/12 வண்டிகளும் மிக மலிவு. திருகு முடுக்கிப் பழக அவை நல்லவை. ஆனால் இந்த விலையில் வரும் பல வண்டிகளில் சர்வோவிலிருந்து மூன்று கம்பிக்குப் பதில் ஐந்து கம்பி வரும். அத்தகைய சர்வோ, ரிமோட்டின் கட்டளையை வண்டியில் வாங்கும் வழக்கமான ரிசீவரில் பொருந்தாது. ரிமோட்டை மாற்ற நினைத்தால் சர்வோ, வேகக்கட்டுப்பாடு, ரிசீவர் மூன்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும். அந்தச் செலவைக் கூட்டிப் பார்த்த பிறகு முடிவெடுங்கள்.

2. தயார் வண்டியா, பாகங்களா, கைமாறிய வண்டியா

பாகம் பாகமாக வாங்கிக் கட்டினால் மலிவாக முடியும் என்பது பரவலான நம்பிக்கை. என் கணக்கில் அது ஒருமுறைகூட மெய்யாகவில்லை. தனித்தனியாக வாங்கும்போது திருகு, பேரிங், இணைப்பான், அஞ்சல் செலவு எனச் சில்லறையாகச் சேரும் தொகை சேஸிஸின் விலையை எட்டிவிடும். பாகங்களாகக் கட்டுவதன் உண்மையான ஆதாயம், செலவை ஐந்தாறு மாதங்களுக்குப் பரப்ப முடிவதும், பின்னால் எது உடைந்தாலும் நாமே சரிசெய்ய முடிவதும்தான்.

பணம் மிகக் குறைவென்றால் கைமாறிய 1/10 வண்டியே சிறந்த தொடக்கம். வாங்கும் முன் வண்டியைத் தூக்கிப் பிடித்துச் சக்கரங்களை ஒவ்வொன்றாகப் பக்கவாட்டில் ஆட்டுங்கள்; லேசான ஆட்டம் தேய்ந்த பேரிங்கைக் காட்டும், அதை மாற்றுவது எளிது. பிறகு கியர்பெட்டியிலிருந்து ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்ட்டை விரலால் மெதுவாக ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பத் தட்டினால் ஆக்சிலின் உள்ளே பற்சக்கரத்தின் பல் உடைந்திருக்கிறது. அதற்கேற்ப விலையைக் குறைத்துக் கேளுங்கள், அல்லது விட்டுவிடுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவர்கள் தளத்தில் காட்டும் விலையை நம்பிக் கணக்குப் போடக் கூடாது. இந்தியாவில் பொம்மைகள் மீதான அடிப்படைச் சுங்கவரி 2020-ல் 20 விழுக்காட்டிலிருந்து 60 ஆகவும், 2023-ல் 70 ஆகவும் உயர்த்தப்பட்டது. ரேடியோ அலைபரப்பி உள்ள பொருளென்றால் ஒப்புதல் கேட்டுப் பார்சல் நிறுத்தப்படுவதும் உண்டு. அதனால் ரிமோட்டையும் பேட்டரியையும் உள்நாட்டிலேயே வாங்கிவிடுவது நிம்மதி.

3. பணத்தைப் பிரித்து வையுங்கள்

விலைகள் மாதந்தோறும் மாறுவதால் தொகையைச் சொல்லாமல் பங்கைச் சொல்கிறேன். உங்கள் பணத்தை 100 பங்காகக் கொண்டால், சேஸிஸ், ஆக்சில்கள், கியர்பெட்டி, இணைப்புத் தண்டுகளான லிங்குகள், அதிர்வு தாங்கும் ஷாக்குகள் எல்லாம் சேர்த்து 35, பேட்டரியும் சார்ஜரும் 18, மோட்டாரும் இஎஸ்சி எனப்படும் வேகக்கட்டுப்பாடும் 13, ரிமோட்டும் ரிசீவரும் 12, டயரும் ரிம்மும் 12, சர்வோ 10.

இந்தக் கணக்கில் வண்டியின் மேற்கூட்டுக்கு எதுவும் ஒதுக்கவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அது மறதியால் நேர்ந்ததன்று. முதல் மாதம் அட்டையை வெட்டிக் கவிழ்த்து ஓட்டுங்கள். எடை எங்கே இருக்கிறது, எந்த மூலை கல்லில் உரசுகிறது என்பது தெரிந்த பிறகு மேற்கூட்டை வாங்கினால் பொருத்தமானது அமையும்.

சார்ஜரும் ரிமோட்டும் அடுத்த வண்டிக்கும் பயன்படும் என்பதால் அவற்றில் மட்டும் சற்றுத் தாராளமாக இருக்கலாம். ரிமோட்டில் பார்க்க வேண்டியது சர்வோ திரும்பும் இடது, வலது எல்லைகளைத் தனித்தனியாகக் குறைக்கும் வசதி இருக்கிறதா என்பதே. அந்த வசதி இல்லாத ரிமோட் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். காரணம் 8 ஆம் பகுதியில் வரும்.

4. திருகு தொடும் முன் மேசையில் இருக்க வேண்டியவை

1.5, 2.0, 2.5 மி.மீ. அளவுகளில் நல்ல எஃகினால் ஆன ஆலன் டிரைவர்கள் மூன்று வேண்டும். 3 மி.மீ. திருகுகளில் உருண்டைத் தலைக்கு 2.0, உருளைத் தலைக்கு 2.5, தலையில்லாத கிரப் திருகுக்கு 1.5 பொருந்தும். வண்டியோடு இலவசமாக வரும் வளைந்த ஆலன் கீயைப் பயன்படுத்தித் திருகின் தலையை உருட்டிவிடுவதே தொடக்கநிலையினரின் முதல் இழப்பு. மலிவுத் திருகுகளின் உலோகம் மிருதுவானது. டிரைவரின் முனை மழுங்கியிருந்தால் ஒரே முடுக்கில் தலை போய்விடும்.

இவற்றோடு சக்கர நட்டுக்கு 7 மி.மீ. ஸ்பேனர், நீல நிறத் திருகுப்பசை, பற்சக்கரத்துக்கு கிரீஸ், சால்டரிங் அயர்ன், அளவு பார்க்க ஒரு வெர்னியர், இரண்டு சமையலறைத் தராசுகள் தேவை. தராசுகளை அக்கம்பக்கத்தில் இரவல் வாங்கிக் கொள்ளலாம்.

நீலப் பசையை உலோகத்தில் முடுக்கும் உலோகத் திருகுக்கு மட்டும் இட வேண்டும். பிளாஸ்டிக்கில் பட்டால் அது விரிசல் விடும். சிவப்புப் பசையை வாங்கவே வாங்காதீர்கள். பின்னால் கழற்றுவதற்குச் சூடாக்க வேண்டியிருக்கும்.

பிளாஸ்டிக்கில் ஒருமுறை முடுக்கிய திருகை மீண்டும் முடுக்கும்போது, முதலில் இடப்புறமாக மெதுவாகத் திருப்புங்கள். ஓரிடத்தில் ‘டிக்’ என்று திருகு கீழே இறங்குவது விரலுக்குத் தெரியும். அதுவே பழைய மரை தொடங்கும் இடம். அங்கிருந்து வலப்புறம் முடுக்கினால் பழைய தடத்திலேயே போகும். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் புது மரை வெட்டி, நான்காவது முறை துளை கொடகொடவென்று ஆகிவிடும்.

5. ஆக்சில்களை முதலில் முடியுங்கள்

சேஸிஸிலிருந்து தொடங்கத் தோன்றும். ஆனால் ஆக்சில்தான் வண்டியிலேயே அதிக விசையைத் தாங்குகிறது. அதன் உள்ளே ஒரு தவறு இருந்தால் பின்னால் லிங்க், ஷாக், சக்கரம் அனைத்தையும் கழற்ற வேண்டியிருக்கும்.

புதிதாக வாங்கியதாக இருந்தாலும் ஆக்சிலைத் திறந்து பாருங்கள். மலிவு ஆக்சில்கள் கிரீஸ் இல்லாமலோ, உலோகத்தூளோடு கலந்த ஒரு சொட்டு எண்ணெயோடோ வருவது வழக்கம். துடைத்துவிட்டுப் பற்களின் இடுக்கு நிறையும் அளவுக்கு மட்டும் கிரீஸ் தடவுங்கள். கூடு முழுக்க அடைத்தால் அது வெளியே கசிந்து மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

இடது, வலது சக்கரங்கள் ஒரே வேகத்தில் பூட்டிச் சுழல வேண்டும். இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் சாதாரண டிஃபரன்ஷியல் இருந்தால் காற்றில் தொங்கும் சக்கரம் வீணாகச் சுழலும், கல்லில் நிற்கும் சக்கரம் நின்றுவிடும். டிராக்சஸ் டிஆர்எக்ஸ்-4 போன்ற வண்டிகளில் ரிமோட்டிலிருந்தே பூட்டவும் திறக்கவும் முடியும். நம் செலவுக்கு நிரந்தரமாகப் பூட்டியதே போதும்.

பளபளக்கும் அலுமினியக் கூட்டைப் பார்த்து மயங்க வேண்டாம். உடைவது பெரும்பாலும் கூட்டின் உள்ளே இருக்கும் பல்தான். உலோகக் கூட்டுக்குள் தரம் குறைந்த பல் இருப்பதைவிட, பிளாஸ்டிக் கூட்டுக்குள் கடினமாக்கிய எஃகுப் பல் இருப்பது நல்லது.

முன் ஆக்சிலையும் பின் ஆக்சிலையும் மாற்றியோ தலைகீழாகவோ பொருத்திவிடுவது மிகச் சாதாரணமாக நிகழும் தவறு. அப்போது முன்சக்கரம் ஒரு திசையிலும் பின்சக்கரம் எதிர்த்திசையிலும் சுழன்று வண்டி நின்ற இடத்திலேயே உறுமும். முழுவதும் கட்டிய பிறகு இதைக் கண்டுபிடிப்பவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருக்கும். இரண்டு ஆக்சில்களையும் மேசையில் வண்டியில் இருக்கப்போகும் நிலையிலேயே வைத்து, டிரைவ் ஷாஃப்ட் பொருந்தும் முனைகளை, வண்டியின் பின்புறமிருந்து பார்க்க ஒரே திசையில் சுழற்றிப் பாருங்கள். நான்கு சக்கர முனைகளும் ஒரே பக்கம் சுழன்றால் சரி.

6. சேஸிஸும் லிங்குகளும்

ஒவ்வொரு ஆக்சிலையும் சேஸிஸோடு இணைப்பவை லிங்க் எனப்படும் தண்டுகள். அவற்றின் நீளமே ஆக்சில் எந்தக் கோணத்தில் நிற்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. இடது, வலது லிங்குகள் ஒரே நீளமாக இல்லாவிட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். 3 மி.மீ. மரையில் ஒரு முழுச் சுற்று 0.5 மி.மீ. என்பதால், வெர்னியரில் அளந்து சுற்றுக் கணக்கில் சரிசெய்யுங்கள்.

பின் ஆக்சிலின் மூக்கு, அதாவது டிரைவ் ஷாஃப்ட் பொருந்தும் முனை, கியர்பெட்டியை நோக்கிச் சற்று மேலே பார்க்கும்படி மேல் லிங்கைச் சரிசெய்தால், டிரைவ் ஷாஃப்ட்டின் மூட்டு வளைவு குறைந்து சீராகச் சுழலும். முன்னால் அவ்வாறு முழுவதும் செய்ய முடியாது. முன் ஆக்சிலின் மூக்கை உயர்த்தினால், சக்கரம் திரும்பும் அச்சு முன்பக்கம் சாய்ந்து, திருப்பிய சக்கரம் தானாக நேருக்கு வர மறுக்கும். அந்த அச்சின் மேல்முனை 5 முதல் 10 பாகை பின்பக்கம் சாய்ந்திருக்கும் அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

டிரைவ் ஷாஃப்ட் இரண்டு துண்டாக, ஒன்றுக்குள் ஒன்று நுழையும்படி இருக்கும். நுழைக்கும்போது இரு முனைகளின் கவைகளும் ஒரே தளத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரு பல் மாறியிருந்தாலும் வண்டி நடுக்கத்தோடு ஓடும்.

இந்தக் கட்டத்தில், ஸ்பிரிங் இல்லாமல் ஷாக்குகளை மட்டும் பொருத்துங்கள். ஆக்சிலைக் கையால் மேலே முட்டும்வரை தள்ளி, பிறகு முழுவதும் தொங்கவிட்டு, அதன் பின் ஒரு பக்கம் மேலும் மறுபக்கம் கீழுமாக முறுக்கிப் பாருங்கள். டிரைவ் ஷாஃப்ட் எங்கும் இறுகுகிறதா, கழன்று விழுகிறதா, லிங்க் எதிலாவது இடிக்கிறதா என்பது ஸ்பிரிங் இருந்தால் கைக்குத் தெரியாது. பாறையில் வண்டி படும் எல்லா வளைவுகளையும் இந்த ஐந்து நிமிடத்தில் மேசையிலேயே பார்த்துவிடலாம்.

7. மோட்டாரும் பற்சக்கரமும்

குறைந்த செலவுக்கு 540 அளவு பிரஷ் மோட்டாரே சரி. சென்சார் இல்லாத மலிவு பிரஷ்லெஸ் மோட்டார் மிகக் குறைந்த வேகத்தில் விட்டுவிட்டுத் துடிக்கும். கல்லின் விளிம்பில் நிற்கும் வண்டி அந்த ஒரு துடிப்பில் கவிழும். மோட்டாரில் எழுதியிருக்கும் 35, 45, 55 போன்ற எண்கள் கம்பிச் சுற்றுகளைக் குறிக்கும். எண் கூடினால் வேகம் குறைந்து, மெல்ல நகர்த்துவது எளிதாகும். 2 செல் பேட்டரிக்கு 35 அல்லது 45, 3 செல்லுக்கு 55 என்பது நான் பரிந்துரைக்கும் அளவு.

மொத்தக் கியர் விகிதத்தைக் கணக்கிடாமல், மோட்டார் தண்டில் மாட்டும் சிறு பற்சக்கரமான பினியனை வாங்காதீர்கள். அது சுழற்றும் பெரிய பற்சக்கரமான ஸ்பர் 87 பல், பினியன் 15 பல் என்றால் அங்கே 5.8. கியர்பெட்டி 2.6, ஆக்சில் 2.9 என்று வைத்துக்கொண்டால், மூன்றையும் பெருக்க ஏறத்தாழ 44 வரும். அதாவது மோட்டார் 44 முறை சுற்றினால் சக்கரம் ஒருமுறை சுற்றும். 40-ஐ ஒட்டி இருந்தால் கிராலருக்கு நல்லது. 25-க்குக் கீழே போனால் வண்டி ஓடும், ஆனால் ஊராது; மோட்டாரும் கொதிக்கும்.

பினியனும் ஸ்பரும் ஒரே பல் அளவைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும். 48 பிட்ச்சும் 32 பிட்ச்சும் சேராது. கண்ணுக்குச் சேர்வதுபோலத் தெரிந்தாலும் ஒரு மாலையிலேயே மென்று துப்பிவிடும்.

மோட்டாரைப் பொருத்தும்போது நோட்டுப்புத்தகத் தாளில் ஒரு மெல்லிய கீற்றைக் கிழித்து இரண்டு பற்சக்கரங்களுக்கும் நடுவே கொடுங்கள். மோட்டாரை அழுத்திப் பிடித்துத் திருகை முடுக்கிய பின், சக்கரத்தைச் சுற்றித் தாளை வெளியே எடுங்கள். தாள் கிழியாமல், மடிப்பு மடிப்பாகப் பல் தடத்தோடு வந்தால் இடைவெளி சரி. கிழிந்தால் நெருக்கம் அதிகம். தடமே விழாவிட்டால் இடைவெளி அதிகம்.

பினியனின் கிரப் திருகு மோட்டார் தண்டின் தட்டைப் பக்கத்தில் உட்கார வேண்டும், நீலப் பசையும் வேண்டும். ‘மோட்டார் சத்தம் கேட்கிறது, வண்டி நகரவில்லை’ என்று சொல்பவர்களில் பெரும்பாலோருக்கு இந்தத் திருகுதான் கழன்றிருக்கும்.

8. மின்பாகங்கள்

எல்லா மின்பாகங்களையும் வண்டியில் ஒட்டும் முன் மேசையிலேயே இணைத்து ஓட்டிப் பாருங்கள். மின்கட்டுப்பாட்டில் ஹாபிவிங் குவிக்ரன் 1060 போன்ற பிரஷ் வகை இஎஸ்சி போதுமானது. அதில் சிறு ஜம்பர் துண்டுகள் இரண்டு இருக்கும். ஒன்று பேட்டரி வகையைச் சொல்வது. மற்றது ஓட்டும் முறையைச் சொல்வது. லிபோ (லித்தியம் பாலிமர்) பேட்டரி போடுபவர் முதல் துண்டை லிபோவுக்கு மாற்ற மறந்தால், பேட்டரி தீரும்போது இஎஸ்சி நிறுத்தாது, பேட்டரி கெட்டுப்போகும். ஓட்டும் முறையை, நிறுத்தாமலே பின்னால் வரக்கூடிய முன்–பின் முறைக்கு மாற்றுங்கள்.

வாங்கும்போது இழுவை பிரேக் இருக்கிறதா என்று கேளுங்கள். ரிமோட்டின் விசையிலிருந்து விரலை எடுத்ததும் மோட்டார் தானே இறுகி வண்டியைச் சரிவில் நிறுத்துவது அதுதான். அது இல்லாத இஎஸ்சியில் வண்டி பாதி ஏறிய இடத்திலிருந்து பின்னால் உருண்டு வரும்.

சர்வோ 20 முதல் 25 கிலோ விசை கொண்டதாக, உலோகப் பற்களோடு இருக்கட்டும். சர்வோவின் தண்டில் மாட்டும் சிறு நெம்புகோலான கையை மாட்டும் முன், ரிமோட்டையும் ரிசீவரையும் இயக்கி, ஸ்டியரிங் டிரிம் எனும் நடுநிலைத் திருத்தத்தைப் பூஜ்யத்தில் வைத்து, சர்வோ தன் நடுநிலைக்கு வந்து நின்ற பிறகே கையை நேராக மாட்டுங்கள். இந்த ஒரு படியைத் தாண்டிப் போகிறவர்கள் மிகப் பலர். மின்சாரம் இல்லாதபோது சர்வோ எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பது யாருக்கும் தெரியாது. கண்மதிப்பில் மாட்டினால், இயக்கியதும் சக்கரம் ஒரு பக்கம் முட்டிக்கொண்டு நிற்க, சர்வோ ‘ஙீ’ என்று முனகிக்கொண்டே சூடாகிக் கருகும். கையின் உட்பல் எண்ணிக்கையும் பொருந்த வேண்டும். 25 பல் சர்வோவுக்கு 24 பல் கை அழுத்தினால் ஏறுவதுபோல் தோன்றிப் பல்லை அழிக்கும்.

அடுத்து, ரிமோட்டில் எல்லை குறைக்கும் வசதியைத் திறந்து, சக்கரம் இடது கோடியில் முட்டுவதற்குச் சற்று முன்பே சர்வோ நிற்கும்படி குறையுங்கள். வலதுக்கும் தனியே செய்யுங்கள். முழுவதும் திருப்பிய நிலையில் முனகல் கேட்காமல் இருந்தால் சரியான அளவு.

பெரிய சர்வோவுக்கு மின்சாரம் போதுமா என்பது பலருக்குப் புதிராகும் இடம். ரிசீவருக்கும் சர்வோவுக்கும் மின்சாரம் தருவது இஎஸ்சிக்குள் இருக்கும் பெக் எனும் சிறு பகுதி. மலிவு இஎஸ்சிகளில் அது 2 அல்லது 3 ஆம்பியர் மட்டுமே தரும். சக்கரம் இரு கற்களுக்கு நடுவே சிக்கும்போது 25 கிலோ சர்வோ அதை ஒரேயடியாக உறிஞ்சிவிட, ரிசீவர் ஒரு நொடி அணைந்து எழும். பார்ப்பவருக்கு ரிமோட் கோளாறு போலத் தெரியும். ரிமோட்டை மாற்றியவரையும் பார்த்திருக்கிறேன். 5 ஆம்பியருக்குக் குறையாத தனி பெக் ஒன்றைப் பேட்டரியிலிருந்து ரிசீவருக்குக் கொடுங்கள். அப்போது இஎஸ்சியிலிருந்து ரிசீவருக்கு வரும் மூன்று கம்பிகளில் சிவப்பை மட்டும் இணைப்பானிலிருந்து உருவி, டேப் சுற்றி ஒதுக்கிவிட வேண்டும். இல்லையேல் இரண்டு மின்மூலங்களும் ஒன்றோடொன்று மோதும்.

இயக்கும்போது ரிமோட்டை முதலிலும் வண்டியைப் பிறகும், அணைக்கும்போது வண்டியை முதலிலும் ரிமோட்டைப் பிறகும் என்ற வரிசையை மாற்றாதீர்கள்.

9. பேட்டரி

லிபோ பேட்டரியின் ஒரு செல் 3.7 வோல்ட் எனக் குறிக்கப்படும். முழுதாக ஏற்றினால் 4.2. 3.2-க்குக் கீழே இறங்கவிடக் கூடாது. முதல் வண்டிக்கு 2 செல், 2200 மில்லி ஆம்பியர்-மணி போதும். கிராலர் சராசரியாக 2.5 ஆம்பியர் இழுக்கிறது என்று கொண்டால், கொள்ளளவில் 80 விழுக்காட்டைப் பயன்படுத்தி 40 நிமிடத்துக்கு மேல் ஓட்டலாம். ஒரே பெரிய பேட்டரியைவிடச் சிறிதாக இரண்டு வாங்குவது மேல். எடையும் குறையும், ஒன்று கெட்டாலும் அன்றைய ஓட்டம் கெடாது.

2200 பேட்டரியை 2.2 ஆம்பியரில், ஒவ்வொரு செல்லையும் சமப்படுத்தும் சார்ஜரில்தான் ஏற்ற வேண்டும். அருகில் ஆளில்லாமல் ஏற்றாதீர்கள். உப்பிய பேட்டரி எவ்வளவு புதிதாக இருந்தாலும் அதற்கு மறுவாழ்வு இல்லை. பழைய மடிக்கணினியிலிருந்து எடுத்த உருளை செல்களைக் கோத்துப் பணம் மிச்சம் பிடிக்க முயல்வோரும் உண்டு. வயதும் கொள்ளளவும் வேறுபட்ட செல்களைத் தொடராகக் கோத்தால் பலவீனமானது முதலில் தீர்ந்து, மற்றதன் மின்னோட்டத்தால் சிதையும். அந்த மிச்சம் வேண்டாம்.

10. டயர், எடை, ஷாக்

டயரை வாங்கும்போது கட்டைவிரலால் அதன் பக்கவாட்டை அழுத்திப் பாருங்கள். காலணியின் அடிப்பகுதிபோல் விறைப்பாக இருந்தால் அது தோற்றத்துக்கான டயர். மிருதுவான ரப்பர் கல்லின் நுனியில் படிந்து மடியும். உள்ளே இருக்கும் நுரை மிகவும் விறைப்பாக இருந்தால் மிருதுவான டயரும் பந்துபோல் குதிக்கும். டயரையோ ரிம்மையோ காற்றுப் போகாதபடி அடைத்துவிடாதீர்கள். சிறு துளை இருந்தால்தான் டயர் நசுங்கும்.

டயரை ஒட்டுவதைவிட வளையத்தைத் திருகிப் பிடிக்கும் பீட்லாக் ரிம் முதலில் சற்றுச் செலவு. ஆனால் நுரையை மாற்றிப் பார்க்க அதுவே வழி. வளையத் திருகுகளைக் கார் சக்கரத்துக்குச் செய்வதுபோல் எதிரெதிராக முடுக்குங்கள்.

எடை விஷயத்தில் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். ஏறும்போது எடை பின்னால் சரிவதால், சமதளத்தில் முன்பக்கம் கூடுதல் எடை இருக்க வேண்டும். இரண்டு தராசுகளை வைத்து, ஒன்றில் முன்சக்கரங்களையும் மற்றதில் பின்சக்கரங்களையும் ஏற்றுங்கள். மொத்த எடையில் 55 முதல் 60 விழுக்காடு முன்னால் வருவது நல்லது. குறைந்தால் முதலில் பேட்டரியை முன்னால் நகர்த்துங்கள், அது இலவசம். அதன் பிறகும் குறைந்தால், கார் டயர் கடைகளில் சக்கரச் சமநிலைக்கு ஒட்டும் 5 கிராம், 10 கிராம் துண்டுகளை வாங்கி முன் ரிம்மின் உட்பக்கத்தில் ஒட்டுங்கள். கடைகளில் விற்கும் பித்தளை எடைகளும் இதே வேலையைத்தான் செய்கின்றன, பல மடங்கு விலைக்கு.

கூடுதல் எடையைச் சேஸிஸில் ஏற்றக் கூடாது; ஆக்சிலுக்குக் கீழேயோ சக்கரத்திலோதான் சேர வேண்டும். கெட்டி பிளாஸ்டிக் மேற்கூட்டும் கூரைச் சட்டமும் விளக்குகளும் எடையை மேலே கொண்டுபோகின்றன. சோதிக்க விரும்பினால் வண்டியை ஒரு பலகையில் குறுக்காக நிறுத்தி, பலகையின் ஒரு ஓரத்தைத் தூக்கி, எந்தக் கோணத்தில் கவிழ்கிறது என்று செல்பேசியில் அளந்துகொள்ளுங்கள். கூரையில் ஒன்றைச் சேர்த்த பின் மீண்டும் அளந்தால் அதன் உண்மையான விலை தெரியும்.

ஷாக்கில் ஸ்பிரிங் மிருதுவாக இருந்து, வண்டி தன் எடையிலேயே மூன்றில் ஒரு பங்கு அமுங்கி நிற்க வேண்டும். அப்போதுதான் பள்ளத்தில் சக்கரம் கீழே இறங்கித் தரையைத் தொடும். ஷாக்குக்கு என்று விற்கும் சிலிக்கான் எண்ணெயை மட்டும் ஊற்றுங்கள். என்ஜின் எண்ணெய் உள்ளிருக்கும் ரப்பர் வளையங்களை ஊதவைக்கும். நண்பர் ஒருவர் தேங்காய் எண்ணெய் ஊற்றி ஊரில் நன்றாகத்தான் ஓட்டினார். மார்கழியில் ஏலகிரிக்குப் போன காலையில் நான்கு ஷாக்குகளும் உறைந்து, வண்டி கட்டைவண்டியாக நின்றது.

11. முதல் ஓட்டம்

வண்டியை ஒரு செங்கல்மேல் சக்கரம் தொங்கும்படி நிறுத்தி, விசையை மெல்ல அழுத்திப் பாருங்கள். நான்கு சக்கரமும் ஒரே திசையில் சுழல்கிறதா, ரிமோட்டை இடதுபக்கம் திருப்பினால் சக்கரமும் இடதுபக்கம் திரும்புகிறதா, ரிமோட்டை அணைத்தால் மோட்டார் நிற்கிறதா என்று பார்த்த பிறகே தரையில் இறக்குங்கள்.

முதல் பத்து நிமிடம் சமதளத்திலும் சிறு சரளையிலும் ஓட்டிவிட்டு நிறுத்தி, மோட்டாரையும் சர்வோவையும் விரலால் தொடுங்கள். மூன்று நொடி விரலை வைக்க முடிந்தால் பரவாயில்லை. முடியாவிட்டால் பினியனில் ஓரிரு பல் குறைத்து, பற்சக்கர இடைவெளியை மீண்டும் பாருங்கள். சர்வோ சுட்டால் எல்லையை இன்னும் குறையுங்கள்.

அதன் பிறகு சக்கர நட்டுகள், லிங்க் திருகுகள், பினியன் திருகு ஆகியவற்றை ஒரு சுற்று முடுக்கிப் பாருங்கள். புதிய வண்டியில் முதல் ஓட்டத்தில் ஏதாவது ஒன்று கட்டாயம் தளர்ந்திருக்கும். வீட்டுக்கு வந்ததும் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். சுவிட்சை அணைத்திருந்தாலும் சில இஎஸ்சிகள் சிறிதளவு மின்சாரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். அடுத்த வாரம்வரை ஓட்டப்போவதில்லை என்றால் செல்லுக்கு 3.8 வோல்ட் இருக்கும்படி சார்ஜரில் வைத்து எடுத்து, குளிர்ந்த இடத்தில் உலோகப் பெட்டிக்குள் வையுங்கள்.